எவ்வளவு செய்தால் அதிகம்? யோகப் பயிற்சியும் மிகைப்பயன்பாட்டுக் காயங்களும்

யோகாசனம் உடலுக்கு நல்லது என்று சொன்னால் இன்று அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். எந்த அளவுக்கு மேல் போனால் அதே ஆசனம் மூட்டையும் தசைநாணையும் நோகடிக்கத் தொடங்கும் என்று கேட்டால் பதில்கள் பிரிகின்றன. ஹட யோக நூல்கள் ஒன்று சொல்கின்றன, ஆயுர்வேதம் ஒன்று சொல்கிறது, மைசூர் அரண்மனையில் உருவான நவீன ஆசனப் பள்ளி வேறொன்று சொல்கிறது. மருத்துவ இதழ்கள் ஐம்பது ஆண்டுகளாகத் தமக்குள்ளேயே முரண்பட்டு நிற்கின்றன.

கேள்வியின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது நல்லது. சிரசாசனத்தில் தவறி விழுந்து கழுத்து சுளுக்குவது விபத்து. ஒருநாளும் விழாமல், ஒருநாளும் தவறாமல் செய்து வந்தவருக்கு ஆறாம் மாதத்தில் தோள் தூக்க முடியாமல் போவது மிகைப்பயன்பாட்டுக் காயம். திசு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேகத்தைவிட அதன்மேல் விழும் சுமை வேகமாகக் கூடும்போது அது உண்டாகிறது. விபத்துக்கு நாளும் நேரமும் உண்டு. இதற்குக் கிடையாது. அதனாலேயே பலர் இதை மூப்பு, வாதம், பனிக்குளிர் என்று வேறு பெயர்களில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள்.

கண்டிக்கு வந்த மூன்று வழிகள்

கண்டியையும் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்வியின் எல்லா முகங்களும் ஒரே வட்டாரத்துக்குள் கிடைக்கின்றன. கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, 1949இல் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்ற சுவாமி சச்சிதானந்தர், 1953இல் குருவின் பணிப்பில் இலங்கை வந்தார். திருகோணமலையில் பணியாற்றினார், மலைநாட்டில் கண்டித் தபோவனத்தை அமைத்தார். 1966இல் அமெரிக்கா சென்றவர் அங்கே இன்டெக்ரல் யோகா என்ற பெயரில் ஒரு பெரும் இயக்கத்தை வளர்த்தார். அவருடைய ஹட யோகம் மெதுவானது. ஓர் ஆசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஓய்வு உண்டு, கடைசியில் நீண்ட சவாசனம் உண்டு. அவரிடம் பயின்ற டீன் ஓர்னிஷ் என்ற மருத்துவர், உணவு மாற்றம், நடைப்பயிற்சி முதலியவற்றோடு இந்த மென்மையான யோகத்தையும் சேர்த்து இதய நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1990இல் லான்செட் இதழில் வெளிவந்தது. இதயத் தமனி அடைப்புள்ளவர்களும் தாங்கக்கூடிய அளவில் ஆசனம் கற்பிக்க முடியும் என்பதற்கு அது ஒரு சான்று.

இரண்டாம் வழி, அமர்வு. கலஹாப் பக்கத்து நில்லம்பே தியான நிலையத்தில், 2000ஆம் ஆண்டில் மறைந்த கொட்வின் சமரரத்ன நீண்ட காலம் கற்பித்தார். அங்கே நாளாந்த ஒழுங்கில் தியானத்தோடு யோகத்துக்கும் நேரம் உண்டு. பேராதனைக்கு மேலே ஹிந்தகலவிலுள்ள தம்ம கூட விபாசனா நிலையத்தின் பத்து நாள் முகாமில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் வரை தரையில் அமர வேண்டியிருக்கும்.

மூன்றாவது, கூட்டப் பயிற்சி. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2014 டிசெம்பரில் அறிவித்து 2015 முதல் கொண்டாடப்படும் சர்வதேச யோகா தினம், ஜூன் 21 அன்று கண்டியிலும் இந்திய உதவித் தூதரகத்தின் முயற்சியில் மக்களைத் திரட்டுகிறது. இவற்றோடு பாடசாலை மண்டபம், உடற்பயிற்சி நிலையம், ஹோட்டல், கைப்பேசித் திரை எல்லாவற்றிலும் வகுப்புகள் நடக்கின்றன.

மெதுவான ஆசனம், நீண்ட அமர்வு, வேகமாகத் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு என்ற இந்த மூன்றும் உடலில் மூன்று விதமாகச் சுமை ஏற்றுகின்றன. யோகா என்ற ஒரே சொல்லின் கீழ் இவற்றை அடக்கி, அது ஆபத்தா இல்லையா என்று கேட்பதால்தான் பல விவாதங்கள் முடிவில்லாமல் நீள்கின்றன.

பழைய நூல்கள் வைத்த அளவு

பதஞ்சலி ஆசனத்துக்கு இரண்டே இரண்டு இலக்கணம் வைத்தார்: நிலையாக இருக்க வேண்டும், சுகமாக இருக்க வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஹட யோகப் பிரதீபிகை யோகத்தைக் கெடுக்கும் ஆறு காரணங்களைச் சொல்லும்போது, அளவு மீறிய உணவுக்கு அடுத்ததாக அளவு மீறிய முயற்சியை வைக்கிறது. மூச்சுப் பயிற்சி பற்றி அதன் எச்சரிக்கை இன்னும் கடுமையானது. யானையையும் சிங்கத்தையும் பழக்குவதுபோலச் சிறிது சிறிதாகப் பழக்காவிட்டால், விக்கல், இரைப்பு, தலைவலி, கண்வலி, காதுவலி வரும் என்கிறது.

ஆயுர்வேதம் இன்னும் கறாராக ஓர் அளவுகோலே தந்தது. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், வலிமையுள்ளவர் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தன் சக்தியில் பாதி அளவுக்கு உடற்பயிற்சி செய்யலாம், மற்றப் பருவங்களில் அதற்கும் குறைவாகச் செய்ய வேண்டும் என்கிறது. பாதிச் சக்தி என்றால் என்ன? நெற்றியிலும் மூக்கிலும் மூட்டுகளிலும் வியர்வை அரும்புவதும் வாய் உலர்வதும் அதன் அடையாளம் என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள்.

இந்த நிலைப்பாட்டின் பலம் அதன் நிதானம். அதன் பலவீனமும் வெளிப்படை. மூச்சும் வியர்வையும் காட்டுவது இதயத்தின் உழைப்பை. தசைநாண் வியர்க்காது. பச்சிமோத்தானாசனத்தில் நெற்றி முழங்காலைத் தொட, மூச்சு சீராக ஓட, முகத்தில் ஒரு துளி வியர்வையும் இல்லாமல் இருக்கும்போதே தொடையின் பின்புறத் தசைநாண் நைந்துகொண்டிருக்கலாம்.

மைசூரில் கூடிய வேகம்

1930களில் மைசூர் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் சிறுவர்களுக்குக் கற்பித்த முறை, ஆசனங்களை மூச்சோடு இணைத்துத் தொடராக ஓடவிட்டது. அதில் மேலைநாட்டு ஜிம்னாஸ்டிக்ஸின் சாயல் எவ்வளவு என்பது பற்றி 1996இல் நார்மன் ஸ்யோமனும் 2010இல் மார்க் சிங்கிள்டனும் எழுதிய நூல்கள் தொடக்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை. காயத்தைப் பற்றிப் பேசுபவருக்கு அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: அந்தத் தொடர் வளரும் பிள்ளைகளின் உடலுக்காக வகுக்கப்பட்டது. அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் அதை அஷ்டாங்க வின்யாச யோகமாகப் பரப்பினார். அலுவலகத்தில் எட்டு மணித்தியாலம் அமர்ந்துவிட்டு வரும் நாற்பது வயதுக்காரர் வாரம் ஆறு நாள் அதைச் செய்யத் தொடங்கியபோது கணக்கு மாறிவிட்டது.

கிருஷ்ணமாச்சாரியாரிடமிருந்தே எதிர்த்திசையிலும் இரண்டு பதில்கள் பிறந்தன. அவருடைய இன்னொரு மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் பலகை, பட்டி, நாற்காலி, போர்வை ஆகியவற்றைத் துணைக்கருவிகளாக்கி, உடல் எட்டும் இடத்துக்கு ஆசனத்தை இறக்கிக் கொடுத்தார். கிருஷ்ணமாச்சாரியாரே பிற்காலத்தில் சென்னையில் ஆளுக்கேற்ற பயிற்சியை வலியுறுத்தினார். அவர் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரம் அந்த வழியில் நின்றது. இரண்டும் அறிவார்ந்த விடைகள். ஆனால் ஐயங்கார் வழியில் ஒரு நிலையில் நீண்ட நேரம் நிற்பதே தனிச் சுமையாகிறது. சென்னை வழிக்கு ஓர் ஆசிரியருக்கு ஒரு மாணவர் வேண்டும். மண்டபத்தில் நாற்பது பேருக்கு ஒருவர் கற்பிக்கும் ஊரில் அது எளிதில் கைகூடாது.

எண்ணத் தொடங்கியவர்கள்

மருத்துவ இதழ்களின் முதல் குரல் எச்சரிக்கையாகவே வந்தது. மணிக்கணக்கில் வஜ்ராசனத்தில் அமர்ந்த ஓர் இளைஞரின் பாதம் தொங்கிப்போனதை 1971இல் ஜோசப் சுசிட் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் பதிவு செய்தார். கழுத்தை மிகையாக வளைப்பது மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களைப் பாதிக்கலாம் என்று 1972இல் ரிச்சி ரசல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். 2012இல் நியூயோர்க் டைம்ஸ் செய்தியாளர் வில்லியம் பிராட் இவற்றைத் தொகுத்து எழுதியபோது உலகெங்கும் யோகா வகுப்புகள் அதிர்ந்தன.

தனித்தனி நோயாளரின் கதைகள் ஒன்று நடக்கக்கூடும் என்று காட்டும்; எத்தனை பேருக்கு நடக்கும் என்று காட்டா. ஹோல்கர் கிராமரும் உடனாய்வாளரும் அதுவரை பதிவான 76 பாதிப்புகளை 2013இல் திரட்டியபோது அவற்றில் மிகப் பெரிய பங்கு எலும்பு, தசை சார்ந்ததாக இருந்தது. சிரசாசனம், பத்மாசனம், பிராணாயாமம் என்ற மூன்றும் அடிக்கடி தலைகாட்டின. அதே குழு 2015இல் 94 கட்டுப்படுத்தப்பட்ட ஆய்வுகளை, 8,430 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. மற்ற உடற்பயிற்சிகளைவிடவோ வழக்கமான சிகிச்சையைவிடவோ யோகம் கூடுதல் தீங்கு விளைவித்ததாகத் தெரியவில்லை. யோகத்தின் ஆதரவாளர்கள் இந்த எண்ணை மகிழ்ச்சியோடு எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்களே நடப்பவை, கண்காணிப்பும் அதிகம். ஆண்டுக்கணக்கில் சேரும் காயம் அந்த வலையில் சிக்குவது கடினம்.

அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளின் பதிவுகளைப் பார்த்த ஸ்வெய்னும் மெக்வினும் 2001 முதல் 2014 வரை 29,590 யோகக் காயங்களை மதிப்பிட்டனர். 65 வயதைக் கடந்தவர்களிடையே வீதம் மிக அதிகம். இதிலும் ஓட்டை உண்டு. மெல்ல வரும் தோள்வலிக்கு யாரும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவதில்லை.

நமது கேள்விக்கு மிக அருகில் வருவது மார்க் கேம்போவின் குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு. 354 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். 10.7 சதவீதத்தினருக்கு யோகத்தால் புதிய வலி உண்டானது. அதிகம் பாதிக்கப்பட்டவை தோளும் கையும். 21 சதவீதத்தினருக்குப் பழைய வலி கூடியது. அதே வேளையில் 74 சதவீதத்தினருக்குப் பழைய வலி குறைந்தது! ஒரே வகுப்பு ஒருவரின் வலியைத் தீர்த்து, பக்கத்துப் பாயில் இருப்பவரின் வலியை வளர்க்கிறது. ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் இந்த ஆய்வின் பாதியை மட்டும் வாசிப்பது வருந்தத்தக்கது.

காயம் எப்படித் தெரியவரும்

மிகைப்பயன்பாட்டுக் காயம் படிப்படியாக முகம் காட்டும். முதலில் பயிற்சி முடிந்தபின் வலி, மறுநாள் இல்லை. பிறகு பயிற்சியின் தொடக்கத்தில் வலி. உடல் சூடேறியதும் மறைந்துவிடும். இந்தக் கட்டமே மிகவும் ஏமாற்றுவது, ஏனெனில் ஆசனம் வலியைக் குணப்படுத்துகிறது என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. அடுத்து, பயிற்சி முழுவதும் வலி. கடைசியில் படியேறும்போதும் தூக்கத்திலும் வலி. புதிய ஆசனம் செய்த மறுநாள் வரும் தசை நோவு இரு பக்கமும் பரவலாக இருந்து இரண்டு, மூன்று நாளில் போய்விடும். மிகைப்பயன்பாட்டு வலியை ஒரு விரலால் தொட்டுக்காட்டலாம். பெரும்பாலும் ஒரு பக்கம். அதே அசைவில் அதே இடத்தில் திரும்ப வரும்.

தொடைப் பின்தசையின் மேல்முனை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. உட்காரும் எலும்பில் அந்தத் தசைநாண் பற்றியிருக்கிறது. முன்னோக்கி ஆழமாக மடங்கும்போது அது இழுபடுவதோடு எலும்பின்மேல் அழுத்தவும்படுகிறது. இழுவையும் அழுத்தமும் சேர்ந்து நாளுக்கு நாள் விழுந்தால் நாண் தடித்து நோகும். இந்த வலி உள்ளவர்கள், கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகும்போது ஒரு பிட்டத்தைத் தூக்கி உட்கார வேண்டியிருக்கிறது என்பார்கள். பலரும் இதைத் தசை இறுக்கம் என்று எண்ணி இன்னும் அதிகமாக நீட்டுகிறார்கள். காயத்தை உண்டாக்கிய அதே அசைவு அதற்கு மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது. யோக வகுப்புகளில் மிகப் பரவலான பிழை இதுவாகவே இருக்கக்கூடும். பின்லாந்தில் அஷ்டாங்க யோகிகளிடம் நடந்து 2008இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், ஒரு மாதத்துக்கு மேல் நீடித்த காயம் ஒன்றாவது ஏற்பட்டதாக 62 சதவீதத்தினர் சொன்னார்கள். முன்னணியில் நின்றது இந்தத் தொடைப் பின்தசைதான்.

தோளுக்கும் மணிக்கட்டுக்கும் எதிரி எண்ணிக்கை. சூரிய நமஸ்காரத்தில் உடலைக் கையால் தாங்கி இறக்கும் கட்டம் ஒவ்வொரு சுற்றிலும் வருகிறது. நாளுக்கு 12 சுற்று செய்து பழகியவர் யோகா தினத்தின் உற்சாகத்தில் 108 சுற்று செய்தால் ஒரே காலையில் சுமை ஒன்பது மடங்காகிறது. ஓட்டப்பந்தய வீரர் யாரும் தன் தூரத்தை ஒரே நாளில் ஒன்பது மடங்காக்க மாட்டார்.

கழுத்து, எலும்பு விடயத்தில் வயதையும் பார்க்க வேண்டும். தேர்ந்தவர்களே சிரசாசனம் செய்யும்போது உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் தலைவழி கழுத்துக்கு இறங்குவதை 2015இல் அளந்து காட்டினார்கள். எலும்பு நலிந்தவர்கள் முதுகை முன்னோக்கி வளைத்தபோது முள்ளெலும்பு நெரிந்த மூன்று பேரின் வரலாற்றை மெஹர்ஷீத் சினாகி 2013இல் எழுதினார். வில்லாக வளையும் உடலைப் பார்த்து ஆசிரியர் மகிழ்வதும் ஆபத்தே. பிறப்பிலேயே மூட்டு தளர்ந்தவர்களுக்கு ஆசனம் எளிதில் வரும். அவர்களுக்கு வேண்டியது நீட்சியைவிட வலிமை.

அசையாமல் இருப்பதும் ஒரு சுமை

பத்மாசனத்தில் சுழல வேண்டியது இடுப்பு மூட்டு. அது சுழல மறுத்தால் முழங்கால் அந்தத் திருகலை ஏற்கிறது. உள்பக்கக் குருத்தெலும்புத் தகடு நசுங்குகிறது. வஜ்ராசனத்தில் முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பைச் சுற்றிப்போகும் நரம்பு அமுங்குகிறது. சிறிது மரத்துப்போவது எல்லோருக்கும் வரும். எழுந்து நடந்தபின்னும் உணர்வு திரும்பாவிட்டால், பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாவிட்டால் அது நரம்புக் காயம்.

விபாசனா முகாமில் நான்காம் நாளிலிருந்து நாளுக்கு மூன்று முறை, ஒரு மணித்தியாலம் அசையாத உறுதியோடு அமரச் சொல்வார்கள். வலியைச் சமநிலையோடு பார்ப்பது அந்தப் பயிற்சியின் உயிர். அதே முகாமில் முதியோருக்கும் நோயுற்றோருக்கும் நாற்காலி தருவதும் வழக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனம் கவனித்துக் கடக்கக்கூடிய வலிக்கும், திசு அறுபடுவதை அறிவிக்கும் வலிக்கும் உள்ள வேறுபாட்டைத் தியான ஆசிரியர் தெளிவாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால், ஊக்கமுள்ள இளைஞரே முதலில் அடிபடுவார்.

வகுப்புக்கு வெளியேயுள்ள சுமையும் கணக்கில் வரும். தலையில் பட்டி மாட்டி முதுகில் கூடை தூக்கிச் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பும் தோளும் மாலை வகுப்புக்கு வருவதற்கு முன்பே ஒரு நாள் வேலையை முடித்திருக்கின்றன. தையல் இயந்திரத்தின்மேல் குனிந்திருந்தவருக்கும், நாளெல்லாம் முச்சக்கர வண்டி ஓட்டியவருக்கும் அப்படித்தான். மேலைநாட்டு ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் வாழ்க்கை பெரும்பாலும் இதுவல்ல.

ஓய்வா, பயிற்சியா?

காயம் வந்தபின் என்ன செய்வது என்பதிலும் பதில்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978இல் கேப் மிர்கின் பிரபலமாக்கினார். பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்காலத்தில் அவரே திருத்திக்கொண்டார். தசைநாண் நோய் படிநிலைகளாக வளர்கிறது, சுமையைச் சரிப்படுத்தினால் ஆரம்பப் படியிலிருந்து திரும்பலாம் என்ற மாதிரியை 2009இல் ஜில் குக்கும் கிரெய்க் பர்டமும் முன்வைத்தனர்.

பயிற்சியாளருக்கு மிகவும் உதவக்கூடியது, சுவீடனில் கரின் சில்பர்னாகல் 2007இல் வெளியிட்ட ஆய்வு. குதிகால் நாண் நோயாளரில் ஒரு பகுதியினர் ஓடுவதையும் குதிப்பதையும் நிறுத்தாமல், வலியை அளந்துகொண்டே வலிமைப் பயிற்சி செய்தனர். பத்துக்கு ஐந்து வரை வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அது தணிய வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. ஓட்டத்தையும் குதிப்பையும் நிறுத்தியவர்களைவிட அவர்கள் பின்தங்கவில்லை. குதிகாலுக்குக் கிடைத்த விதி தோளுக்கும் தொடைக்கும் அப்படியே பொருந்துமா என்பது முழுமையாக நிறுவப்படவில்லை. ஆயினும் மறுநாள் காலை என்ற அளவுகோல் எளியது, செலவில்லாதது, நேர்மையானது.

யோகத்துக்கு இதை மாற்றிச் சொன்னால்: நோகும் ஆசனத்தின் ஆழத்தை முதலில் குறைக்க வேண்டும், பிறகு எண்ணிக்கையை, பிறகு நாட்களை. தொடைப் பின்தசை நொந்தால் முன்மடிப்பை விட்டுவிட்டு, முழங்காலை மடித்துச் சேதுபந்தாசனத்தில் மெதுவாக வலிமை சேர்க்கலாம். தோள் நொந்தால் தரையில் செய்வதைச் சுவரில் கைவைத்துச் செய்யலாம். தசைநாண் ஒரு வாரத்தில் ஆறாது. மூன்று மாதமும் அதற்கு மேலும் பிடிக்கும்.

கண்டியில் முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலில் போகும் வழக்கம் உண்டு. எண்ணெயும் பத்தும் ஆறுதல் தரலாம். ஆனால் நரம்போ எலும்போ பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய அறிகுறி இருந்தால் பரிசோதனைக்குமுன் இழுத்துத் திருகுவதை அனுமதிக்கக் கூடாது. பாதம் தொங்குதல், கை கால் வலுவிழத்தல், மூட்டு பூட்டிக்கொள்ளுதல், முதியவருக்குத் திடீர் முதுகுவலி ஆகியவற்றுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையோ பேராதனை போதனா வைத்தியசாலையோதான் இடம். சிறுநீர் கட்டுப்பாடு போதல், தொடைகளுக்கு இடையே மரத்தல், கழுத்து வளைத்தபின் தலைசுற்றலும் பேச்சுத் தடுமாற்றமும் வருதல் என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 1990 இலவச அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

தீராமல் இருப்பவை

அளவுக்குள் செய் என்ற பழைய நூல்களின் அறிவுரையும், சுமையைப் படிப்படியாகக் கூட்டு என்ற இன்றைய இயன்மருத்துவமும் திசையில் ஒத்துப்போகின்றன. எந்த ஆசனம் ஆபத்து என்று பட்டியல் போடும் அணுகுமுறையைவிட, எவருக்கு, எத்தனை முறை, எவ்வளவு வேகமாகக் கூட்டப்பட்டது என்று கேட்கும் அணுகுமுறைக்கே சான்றுகள் அதிகம் துணை நிற்பதாகத் தோன்றுகிறது. பொறுப்பு யாருடையது என்பதில் அத்தகைய தெளிவு இல்லை. உலகெங்கும் யோக ஆசிரியர்களிடமும் சிகிச்சையாளர்களிடமும் எடுத்து 2009இல் லோரன் ஃபிஷ்மன் குழு வெளியிட்ட கணக்கெடுப்பில், மாணவரின் அளவு மீறிய முயற்சியும் ஆசிரியரின் போதாத பயிற்சியும் இரண்டுமே காரணங்களாகச் சொல்லப்பட்டன. யோக ஆசிரியருக்கான 200 மணித்தியாலச் சான்றிதழில் காயம் பற்றிய பாடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதும் முடிவாகவில்லை.

இன்னொரு கேள்வி நமக்கே உரியது. சம்மணமிட்டு உண்டு, குந்தி வேலை செய்து வளர்ந்த இடுப்புக்கும், நாற்காலியில் வளர்ந்த இடுப்புக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்துமா? அமெரிக்க, ஐரோப்பிய எண்களை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. விடைக்கான தரவு கண்டியின் வகுப்பறைகளிலேயே இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இயன்மருத்துவத் துறை இருக்கிறது. மலைநாடெங்கும் யோக ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பின் தொடக்கத்தில், போன வகுப்புக்கு மறுநாள் காலை எங்கே வலித்தது என்று மாணவரிடம் கேட்டு, பெயரில்லாமல் வயதையும் தொழிலையும் சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கொப்பிகளை ஓராண்டு முடிவில் பல்கலைக்கழகத்திடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.